பவளவல்லி ராணியின் கழுத்துவலி

நான் கஸ்டமர்கிட்ட வளவளன்னு பேசற ஆளில்லைங்க. அக்கான்னு கூப்பிடலாமுங்களா? சென்னையில இருந்து வந்திருக்கீங்க, மேடம்னுதான் கூப்பிடோணும். ஆனா தலைக்கு டை போடறப்ப மேடம்னு சொன்னா எனக்குக் கை ஓட மாட்டேங்குது. சித்த குனிஞ்சுக்கோங்க. ஆங், அப்படித்தான். முகூர்த்தம் நாளைக்குத்தானுங்களே? அப்ப அவசரமில்ல. இது ஊறி முடிய நாப்பது நிமிஷம் ஆகும். நீங்க பாட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

எது, அந்த அட்டையா? கண்ணாடிக்குப் பக்கத்துல மடிச்சு நிக்குதே, கோட்டை வரஞ்சு? அது நான் வரஞ்சதுங்க. கோட்டைன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதே, அதுவே சந்தோஷம். எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு “மோட்டார் ரூமா?”ன்னு கேட்டாரு. அந்த வாரம் பூரா அவரு பேசினது அவ்வளவுதான்.

கேட்டுட்டீங்க. இனிச் சொல்லாம இருந்தா மரியாதையில்ல.

போன ஆடி மாசமுங்க. ஆடியில கல்யாணம் இல்ல, பார்லர்ல ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். அப்ப கோயமுத்தூர்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. ரெஹானான்னு பேரு, காலேஜ்ல பாடம் எடுக்கற பொண்ணு. அவங்க செட்டுல ஒரு விளையாட்டுத் திருவிழா நடத்தறாங்களாமா. ஆடியிலயும் மார்கழியிலயும் மண்டபம் சும்மா கெடக்கும் பாருங்க, அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை. வர்றவங்க மூஞ்சிக்குப் பச்சை நீலம்னு பெயிண்ட் அடிச்சு விடோணும்னாங்க. போனேன். இருபத்திரெண்டு மூஞ்சிக்குப் பச்சை அடிச்சேன். அதுல ஒருத்தர் வக்கீல்.

மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சுத்திப் பாத்தனா, மூலையில மூலையில மேசை போட்டு நாலு நாலு பேரா உக்காந்திருக்காங்க. ஆளுக்கொரு வேஷம். வேஷம்னா மூஞ்சிக்கு இல்லீங்க, பேச்சுக்கு. ஒருத்தர் நான் வில்லாளிம்பாரு, ஒருத்தர் நான் வைத்தியர்ம்பாரு. தலைமாட்டுல ஒரு ஆளு, முன்னால அட்டையை மறைப்பா வச்சுக்கிட்டு, “காட்டுக்குள்ள போறீங்க, புலி வருது, இப்ப என்ன பண்றீங்க?”ன்னு கேக்கறாரு. இவங்க ஓடறேன், சுடறேன், கால்ல விழுகறேன்னு வாயிலயே சொல்றாங்க. அது பலிக்குமா பலிக்காதான்னு பாக்க இருபது முகம் வச்ச ஒரு பகடை. உருட்டறாங்க. பெரிய நம்பர் விழுந்தா பலிக்கும், சின்ன நம்பர் விழுந்தா புலி தின்னுட்டுப் போயிரும். இப்படியே நாலு மணி நேரம். உக்காந்த எடத்துல!

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சுங்க்கா. பேசறதுக்குன்னே ஒரு விளையாட்டு! அதுக்கு டிக்கெட் எடுத்துட்டு வர்றாங்க!

ரெஹானாகிட்ட கேட்டேன், “ஏங்கண்ணு, அந்த அட்டைக்குப் பின்னால உக்காந்திருக்கறது யாரு?”

“அவங்கதான் கேம் மாஸ்டர்க்கா. கதையை நடத்தறவங்க.”

டீ மாஸ்டர் தெரியும், பரோட்டா மாஸ்டர் தெரியும், இது புதுசா இருக்குதேன்னு நெனச்சுக்கிட்டேன். “அந்த மேசையிலயே யாரு ரொம்பப் பேசறது?”ன்னேன். “மாஸ்டர்தான்”னுச்சு. “அப்ப மார்கழிக்கு எனக்கு ஒரு அட்டை போடு கண்ணு”ன்னு சொல்லிட்டேன்.

எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லோணும். பழனி ரோட்டுல மோட்டாருக்கு காயில் கட்டற பட்டறை வச்சிருக்காரு. நல்ல மனுஷன், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. பேசற பழக்கமும் கெடையாது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல அவரு பேசினதையெல்லாம் சேத்து அச்சடிச்சா ஒரு கல்யாணப் பத்திரிகைக்குக் காணாது. ம், சரி, ஆச்சு, போலாம். இந்த நாலுதான். நானும் பேச வச்சுப் பாத்துட்டேன். “இன்னைக்குப் பட்டறைக்கு ஒருத்தர்...”ன்னு ஆரம்பிப்பாரு. உடனே நான், “பம்பு எரிஞ்சு போச்சுன்னு வந்திருப்பான், பழைய பாக்கி வேற இருக்கும், நீங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டீங்க”ன்னு முடிச்சு வச்சுருவேன். பாவம், அவருக்கு எதுக்குச் சிரமம்னு. அதுக்கு மேல அவருக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது, தட்டைப் பாத்துக் குனிஞ்சுக்குவாரு. சில பேரு பொறப்பு அப்படி.

புரட்டாசியில எழுத உக்காந்தேன், மார்கழி வரைக்கும் எழுதினேன். ரெண்டு பெரிய நோட்டு. கதை என்னன்னா, பவளவல்லின்னு ஒரு ராணி. அவளோட கிரீடம் காணாமப் போச்சு. ஏழு வாசல் தாண்டி ஒரு குகை, அங்க ஒரு அரக்கன், அவன்தான் எடுத்தவன். வில்லாளி, போர்வீரன், வைத்தியர், கள்வன்னு நாலு பேரு போய் மீட்டுட்டு வரோணும். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு காவல்காரி, ஒவ்வொருத்திக்கும் ரெண்டு பக்கம் வசனம். ராணிக்கு மட்டும் பதினோரு பக்கம். வர்ற கஸ்டமருக்கெல்லாம் படிச்சுக் காட்டினேன். புருவம் எடுக்கறப்ப ஆடாம அசையாமக் கேப்பாங்க. ஒருத்தருக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

திருவிழா அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. உடுமலையில இருந்து கார்ல கூட்டிட்டுப் போனாரு. அவரு திட்டம், என்னை எறக்கி விட்டுட்டு மண்டபத்து வேப்பமரத்தடியில காரை நிறுத்திப் பேப்பர் படிக்கறது. பட்டுச் சேலை கட்டியிருந்தனுங்க. அட்டையை நிறுத்தி, நோட்டை விரிச்சு, தண்ணி பாட்டிலை வச்சுக்கிட்டு உக்காந்தாச்சு.

மூணு பேரு வந்தாங்க. தாரகைன்னு பல் டாக்டருக்குப் படிக்கற பொண்ணு, அது வில்லாளி. அஷ்வத்னு கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி, அது போர்வீரன். எபினேசர் சார்னு ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அவரு வைத்தியர். கள்வனைக் காணோம். பத்தே கால், பத்தரை. கள்வன் வரல.

ரெஹானா வந்து கையைப் பெசஞ்சுச்சு. “அக்கா, நாலு பேரு இல்லாம மேசை நடத்தறதில்ல. இவங்களை வேற மேசைக்கு மாத்தி விட்டுடறேன். நீங்களும் அங்க ஒரு ஆட்டக்காரரா உக்காந்துக்கோங்க.”

எப்படி இருக்கும் எனக்கு? மூணு மாசமுங்க. ரெண்டு நோட்டு. பதினோரு பக்கம் ராணி. வேற யாரோ கதையில நான் போய் ஓரமா உக்காரோணுமாமா. எனக்கு அழுகையே வந்துருச்சு. எந்திரிச்சு ஓடினேன் வேப்பமரத்தடிக்கு.

“ஏனுங்க, வாங்க.”

“எங்க?”

“கள்வனா உக்காரோணும்.”

“எனக்கு அதெல்லாம்...”

“உங்களுக்கு என்னதான் தெரியும்? தெரியாட்டிப் பரவால்ல. நீங்க பேசவே வேண்டாம். ஆளு இருந்தாப் போதும்.”

பேப்பரை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்து உக்காந்தாரு. நல்லாப் பாத்துக்கோங்க, பேசவே வேண்டாம்னு நான் அத்தனை பேரு முன்னாடி சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்.

ஆரம்பிச்சேன். “செங்காந்தள் நாட்டின் சிங்காதனத்தில் வீற்றிருக்கும் பவளவல்லி யாம்!” அப்படின்னு. பக்கத்து மேசையெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. நாட்டு வளம், நகர வளம், ராணி பொறந்த கதை, கிரீடத்துல பதிச்ச கல்லு ஒவ்வொண்ணோட கதை. நடுவுல எபினேசர் சார் கையைத் தூக்கி, “அம்மா, நாங்க எப்பப் பேசலாம்?”னாரு. “பேசலாம் பேசலாம், ராணி முடிச்சுரட்டும்”னேன். எட்டாம் பக்கத்துல அஷ்வத் தம்பி கொட்டாவி விட்டுச்சு. காலங்காத்தால எந்திரிச்சு வந்திருக்கும், பாவம். தாரகை போனை மடியில வச்சுத் தடவிட்டு இருந்துச்சு. இந்தக் காலத்துப் புள்ளைகளே அப்படித்தானுங்க, அஞ்சு நிமிஷம் ஒண்ணைக் கேக்கப் பொறுமை கெடையாது. எங்க வீட்டுக்காரரு மட்டும் அப்படியே பாத்துட்டு இருந்தாரு. அவருக்குப் பழக்கம்.

பத்தாம் பக்கத்துல ரெஹானா வந்து காதுல குசுகுசுன்னு, “அக்கா, நாப்பது நிமிஷம் ஆச்சு. அவங்களை ஏதாச்சும் கேளுங்க. கேட்டுட்டு நிறுத்திக்கோங்க”ன்னுச்சு. “நிறுத்தறதுன்னா?”ன்னேன். பையில இருந்து ஒரு சின்ன மணல் கடிகாரத்தை எடுத்து மேசையில வச்சுச்சு. கண்ணாடிக் குடுவை, உள்ள மணல். “கவுத்து வச்சா ஒரு நிமிஷத்துல கீழ எறங்கிரும். இது எறங்கற வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது”ன்னுச்சு.

ஒரு நிமிஷந்தானேன்னு நெனச்சனுங்க. நீங்க இருந்து பாத்திருக்கீங்களா ஒரு நிமிஷம்? அது எறங்கவே எறங்காது!

தலையை ஆட்டாதீங்க்கா, காதுல வழியுது. தொடச்சு விடறேன் இருங்க.

“வீரர்களே, இப்போது நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?”னு கேட்டுக் கவுத்து வச்சேன். அஷ்வத் உடனே “கத்தியை எடுத்துட்டுக் கெளம்பறேன்”னுச்சு. தாரகை “நானும்”னுச்சு. எபினேசர் சார் “மருந்துப் பையை எடுத்துக்கறேன்”னாரு. மூணு பேரும் முடிஞ்சுது. கள்வன் பாக்கி. எங்க வீட்டுக்காரரு மணலையே பாத்துட்டு இருக்காரு. எனக்கு நாக்கு துடிக்குது. “கள்வனும் கூடவே கெளம்பினான்”னு ஒரு வரி சொன்னா முடிஞ்சுது சோலி. ரெஹானா வேற பின்னாலயே நிக்குது, வாய் மேல வெரலை வச்சுக்கிட்டு. பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன்.

கடைசி மணலு விழுகறப்ப அவரு என்னை நிமிந்து பாத்து மெதுவாக் கேட்டாரு. “ராணியம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?”

மூணு பேரும் சிரிச்சுட்டாங்க. ரெஹானாவும். நோட்டைப் பெரட்டிப் பாத்தேன். பதினோரு பக்கம் எழுதியிருக்கேன், ராணி சாப்பிட்டாளா இல்லையான்னு ஒரு எடத்துல எழுதல.

“இல்லை”ன்னேன். நெசமாவே சாப்பிடலைங்க, படபடப்புல.

“காலையில இருந்து பேசிட்டே இருக்கீங்க. தொண்டை காஞ்சு போயிருக்கும். நான் கள்வன், எனக்கு அரமனையில எது எங்க இருக்குதுன்னு தெரியும். அடுப்படியில போய் ஒரு சொம்பு கம்மங்கூழு எடுத்துட்டு வந்து வச்சுட்டு அப்புறம் கெளம்பறேன்”னாரு.

அத்தனை வார்த்தை! ஒரே மூச்சுல! பதினெட்டு வருஷத்துல ஒரு நாளு இந்த மனுஷன் என்னை சாப்பிட்டயான்னு கேட்டதில்லைங்க்கா. அதுக்கு நேரமும் இருந்ததில்ல, வாசப்படி ஏறறப்பவே நான் என்ன சாப்பிட்டேன், எப்ப சாப்பிட்டேன், எதுல உப்புக் கம்மின்னு எல்லாம் சொல்லிருவேன். ஆனா யாரோ ஒரு ராணி, இப்பத்தான் நாப்பது நிமிஷம் பழக்கம், அவகிட்ட என்ன ஒரு கரிசனம்! தண்ணி பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடிச்சுட்டேன். டீ குடிக்காம இருந்தேன்ல, அதனால இருக்கும்.

சரி, கெளம்புவாங்கன்னு பாத்தா, கெளம்பல. கூழைக் கொண்டாந்து வச்சுட்டு அடுத்த கேள்வி. “ராணியம்மா, பக்கத்துல ஒரு சிங்காதனம் சும்மா கெடக்குதே, அது யாரோடது?”

நான் எங்கடா சிங்காதனத்தைச் சும்மா போட்டேன்னு அட்டையைப் பாத்தா, கோட்டைக்குள்ள ரெண்டு நாற்காலி வரஞ்சு வச்சிருக்கேன். அழகுக்கு வரஞ்சதுங்க. அவரு பட்டறைக் கண்ணு, கம்பி சுத்து ஒண்ணு கொறஞ்சாலும் கண்டுபுடிக்கற கண்ணு. “அது ராஜாவோடது”ன்னேன்.

“ராஜா எங்க?”

“இருக்காரு உள்ள. பேச மாட்டாரு”ன்னேன். வாயில தானா வந்துருச்சு.

எபினேசர் சார் டிக்கெட் பரிசோதகர் மாதிரி நிமிந்து உக்காந்தாரு. “எத்தனை நாளாப் பேசறதில்ல? கிரீடம் காணாமப் போனதுக்கு முன்னாலயா, பின்னாலயா?” தாரகை போனைப் பைக்குள்ள போட்டுருச்சு. அஷ்வத் நாற்காலியை முன்னால இழுத்துச்சு. எங்க வீட்டுக்காரரு, “ஏழு வாசலுக்கு எதுக்குப் போகோணும்? ராஜாவைப் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்”னுட்டாரு. மூணு பேரும் அவரு பின்னாலயே!

“அரக்கன் இருக்கானுங்க, குகையில”ன்னேன். “இருக்கட்டும்”னாங்க. “காவல்காரிக நல்லாப் பேசுவாளுங்க”ன்னேன். யாரும் காது குடுக்கல.

அப்ப ராஜாவா யாரு பேசறது? மாஸ்டர்தான் பேசோணும். மத்த ஆளுக எல்லாத்துக்கும் மாஸ்டர்தான் கொரல் குடுக்கோணும், அதான் சட்டம். நான் எப்படிங்க பேசாத மனுஷனாப் பேசறது? தாரகை கேக்குது, “ராஜா, கிரீடத்தை நீங்கதான் எடுத்தீங்களா?” நான் ராஜா மாதிரி உக்காந்திருக்கேன். மணல் எறங்குது. பேசாத ஆளு என்ன நெனப்பான்னு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணும் புடிபடல. வேர்த்துக் கொட்டுது. ம்னு சொல்லலாமா, சரின்னு சொல்லலாமா? ம்னு ஒண்ணு சொல்லி வச்சேன்.

“ராஜா சொல்லிட்டாரு”ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

“என்ன சொன்னாரு? ம்னுதானே சொன்னாரு?”ன்னுச்சு அஷ்வத்.

“அதுலயே எல்லாம் இருக்குது தம்பி”ன்னு சொல்லிட்டு அவரே வெளக்கறாரு. “கிரீடம் ரொம்பக் கனம். ராணியம்மா நாள் பூரா அதைச் சொமந்துக்கிட்டு நின்னுட்டே இருக்கறாங்க. கழுத்து வலி. தெனமும் பொழுது சாஞ்சா தைலத்தைத் தேடறாங்க. ராஜாதான் தைல டப்பாவைக் கைக்கெட்டற எடத்துல எடுத்து வச்சுட்டு நகந்துக்கறாரு. ராணியம்மா அது எப்பவும் அங்கயே இருக்குதுன்னு நெனச்சுக்கறாங்க. சொன்னாக் கேக்க நேரமில்ல. அதான் ராஜா கிரீடத்தையே எடுத்து ஒளிச்சு வச்சுட்டாரு. நாலு நாளைக்குக் கழுத்து ஆறட்டும்னு.”

தாரகை “ஐயோ”ன்னு கன்னத்துல கையை வச்சுக்கிச்சு. எபினேசர் சார் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. என் கை தன்னால என் கழுத்துக்குப் போயிருச்சு. ராணியா நடிக்கறேன்ல, அதுல அப்படி ஒன்றிப் போயிட்டேன்.

எனக்கு ஒண்ணுதான் வெளங்கலைங்க்கா. ராணிக்குக் கழுத்து வலின்னு நான் எழுதவே இல்ல. இவருக்கு எங்க இருந்து தெரிஞ்சுது? எனக்கும் பதினஞ்சு வருஷமாக் கழுத்து வலிதான், நாள் பூரா நின்னு நின்னு. அதைப் பத்தி ஒரு நா ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? என்னமோ எங்க வீட்டுல தைலம் எப்பவும் டிவிக்குப் பக்கத்துலயே இருக்கறதுனால ஆச்சு, தேட வேண்டியதில்ல. அந்த ராணிக்கு எடுத்து வைக்க ஒரு ராஜா. குடுத்து வச்சவ.

ஆனா நானும் விடலைங்க. மாஸ்டருன்னா சட்டம் தெரியோணும். “கள்வன் சொன்னா ஆச்சா? ராஜா கிரீடத்தைக் குடுக்கோணும்னா பகடை உருட்டோணும். பதினஞ்சுக்கு மேல விழுகோணும்”னேன். உருட்டினாரு. மூணு. எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க. தாரகை “அக்கா, ப்ளீஸ்க்கா”ன்னுச்சு. சொந்தம் பந்தம் பாத்தா ஆட்டம் நடத்த முடியுமுங்களா? “மூணு மூணுதான். கள்வனைப் புடிச்சுப் பாதாளச் சிறையில் அடையுங்கள்!”னுட்டேன். அவரு நாற்காலியைச் சித்த பின்னால தள்ளிக் கையைக் கட்டி உக்காந்துக்கிட்டாரு, சிறையில இருக்கற மாதிரியே.

அடுத்த ஒண்ணரை மணி நேரம் அந்த மூணு பேரும் அவரை வெளிய எடுக்கறதுக்குப் பாடுபட்டாங்க பாருங்க! சண்டை போட்டுப் பாத்தாங்க, அஷ்வத்தோட கத்தி ஒடஞ்சுது. தாரகை சன்னல் வழியா அம்புல கவுறு கட்டி விட்டுச்சு, அந்து போச்சு. கடைசியில எபினேசர் சார் சிறைக்கு உள்ள கள்வனைப் பாத்து, “கை காலெல்லாம் எப்படி இருக்கு?”ன்னு கேட்டாரு. இவரு சிறையில இருந்தே மெல்ல, “கொப்புளமா இருக்குதுங்க வைத்தியரே”ன்னாரு. அவ்வளவுதான், வைத்தியரு சிறை வாசல்ல வேப்பங்கொத்தைச் சொருகிட்டாரு! “அம்மை போட்டிருக்கு, யாரும் தொடாதீங்க, வழி விடுங்க!” பகடையில பத்தொம்பது விழுந்துது. நான் என்ன பண்ண முடியும்? காவக்காரனெல்லாம் கும்புட்டு ஒதுங்கி நின்னான். அம்மைன்னு வந்துட்டா ராணியே ஒதுங்கித்தானே ஆகோணும்? ரெண்டு பக்கமும் வேப்பிலையைப் புடிச்சுக்கிட்டுக் கள்வனை என் முன்னாலயே நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. பக்கத்து மேசையில இருந்தெல்லாம் எந்திரிச்சு வந்து பாத்தாங்க. அன்னைக்கு அந்த மண்டபத்துலயே ஆளுக சிரிச்ச மேசை எங்களோடதுதானாம். சிரிக்கற மாதிரி நான் ஒரு வரி எழுதலைங்க.

கடைசியில எங்க வீட்டுக்காரரு மறுபடியும் பகடை உருட்டினாரு, பதினாறு விழுந்துது, ராஜாகிட்ட கிரீடத்தை வாங்கிட்டு வந்து ராணி முன்னால வச்சாரு. எபினேசர் சார் சீட்டு எழுதிக் குடுத்தாரு, நெசமாவே காயிதத்துல. “பவளவல்லி அம்மாள், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிரீடம் அணியக் கூடாது.” மணி அடிச்சுட்டாங்க. ஏழு வாசல்ல ஒரு வாசல் தொறக்கல. காவல்காரிக பதினாலு பக்க வசனத்தையும் வாயில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க.

போறப்ப எல்லாரும் துண்டுச் சீட்டுல எழுதிப் போடோணும், மேசை எப்படி இருந்துச்சுன்னு. எனக்கு வந்ததைப் படிச்சேன். “ராணி அருமை, முதல் நாற்பது நிமிடம் தவிர.” அது யாரோட கையெழுத்துன்னு தெரியல. இன்னொண்ணு, “கள்வனை மறக்க முடியாது.” சிறந்த ஆட்டக்காரருன்னு அவருக்குத்தான் குடுத்தாங்க, ஒரு டிராகன் பொம்மை சாவிக்கொத்து. பட்டறைச் சாவியை அதுலதான் மாட்டியிருக்காரு. மூணு மாசம் ராப்பகலா எழுதினது நானு. வேப்பமரத்தடியில பேப்பர் படிச்சுட்டு இருந்தவருக்குப் பரிசு. கேக்க ஆளில்ல.

திரும்பி வர்றப்ப கிணத்துக்கடவுல டீ குடிக்க நிறுத்தினாரு. எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. கேட்டே போட்டேன். “ஏனுங்க, அத்தனை பேச்சு எங்க வச்சிருந்தீங்க இத்தனை நாளா?”

டம்ளரைக் கீழ வச்சாரு. என்னைப் பாத்தாரு. “இல்ல மணி, அங்க நீ...”ன்னு ஆரம்பிச்சாரு.

எனக்குத்தான் அவரு மனசு தெரியுமே. “நான் எழுதின கதை அப்படி, அதான் உங்களுக்கே பேச்சு வந்துருச்சு. நல்ல கதைன்னா ஊமையும் பேசுவான்”னேன்.

மிச்ச டீயைக் குடிச்சு முடிச்சாரு. “ம்”னாரு. “போலாம்”னாரு.

அது போகட்டுமுங்க. சித்திரையில ரெஹானா போன் பண்ணுச்சு. எனக்குத்தான்னு எடுத்தா, “அக்கா, சார் இருக்காரா?”ங்குது. வர்ற ஆடிக்கு அவரு ஒரு மேசை நடத்தோணுமாமா. மாஸ்டரா! நான் ஸ்பீக்கர்ல போட்டேன், எப்படியும் நாந்தானே பதில் சொல்லோணும்னு. “கண்ணு, அவருக்கு அதெல்லாம்...”ங்கறதுக்குள்ள “சரிங்க, நடத்தறேன்”னுட்டாரு. முழுசா ரெண்டு வார்த்தை. என்னைக் கேக்கல.

ரெண்டு மாசமாச்சு. நோட்டு வாங்கவே இல்லைங்க்கா. காயில் சுத்தறப்ப நடுவுல நிறுத்தி, பழைய டைரியில நாலு வரி எழுதறாரு, மறுபடியும் சுத்தறாரு. பட்டறைப் பசங்க சொல்றாங்க, “அண்ணன் தனியாச் சிரிக்கறாரு”ன்னு. என்ன கதைன்னு கேட்டேன். “வந்து பாரு”ன்னாரு. பாக்காம விடுவனா? முன்பதிவு ஆரம்பிச்ச அன்னைக்கே ரெஹானாவைக் கூப்பிட்டு, “அவரு மேசையில எனக்கு ஒரு எடம் போடு கண்ணு”ன்னேன்.

“உங்களுக்குப் போட வேண்டியதே இல்லக்கா. சார் பேரு குடுத்த அன்னைக்கே மொதல் எடத்துல உங்க பேரைத்தான் எழுதிக் குடுத்தாரு. மத்த எல்லாரும் அதுக்கப்புறம்தான்”னுச்சு. அந்தக் காயிதத்தைப் படம் எடுத்து போனுக்கு அனுப்பியும் விட்டுச்சு. காட்டறேன் இருங்க, கையெல்லாம் டை. இந்தாங்க, பாருங்க. அவரு கையெழுத்துதான், கோழி கெளறின மாதிரி இருக்கும். ‘ஒன்று. வசந்தாமணி.’ அதுக்கு நேரா என்ன வேஷம்னு போட்டிருக்காரு, படிங்க.

‘மௌன விரதம் இருக்கும் முனிவர்.’

நாலு மணி நேரமுங்க்கா! எத்தனை கஷ்டமான வேஷம் பாருங்க. வில்லாளி, வீரன் எல்லாம் யாரு வேணும்னாலும் போட்டுக்கலாம், வாயில வந்ததைச் சொன்னாப் போச்சு. இது அப்படியா? பேசாமலே எல்லாத்தையும் வெளிப்படுத்தோணும். தேர்ந்த ஆளாலதான் முடியும். அவருக்கே தெரிஞ்சிருக்குது, இதுக்கு என்னை விட்டா ஆளில்லைன்னு.

நீங்க எதுக்குச் சிரிக்கறீங்க? ஆடாதீங்க, நெத்தியில பட்டுரும்.

ஒரே ஒரு சந்தேகம் இருந்துச்சு, அதையும் நேத்துச் சோறு போடறப்பக் கேட்டுட்டேன். “ஏனுங்க, முனிவரு பேசத்தானே கூடாது? ஒரு சிலேட்டுல எழுதிக் காட்டலாமுங்களா?”

எதைக் கேட்டாலும் கால் மணி நேரம் யோசிக்கற மனுஷனுங்க. நான் கேட்டு வாயை மூடல, உருண்டையை உருட்டிக்கிட்டே பட்டுனு சொல்றாரு, “அந்த முனிவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது மணி.”